விழாதவன் கால் ஏன் உடைந்தது?

விளையாட்டு விழா நெருங்கிவிட்டால் எந்தப் பள்ளியிலும் ஒரே காட்சிதான். மாலை மணி அடித்ததும் மைதானத்தில் புழுதி கிளம்பும். ஆண்டு முழுவதும் ஓடாதவர்கள்கூட அந்த மூன்று நான்கு வாரங்களில் ஓட்டக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் இயற்பியல் கற்பித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் 1,500 மீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்தான். அதுவரை அவன் ஓடியதெல்லாம் பேருந்தைப் பிடிப்பதற்கு மட்டுமே. விழாவுக்கு இருபத்தைந்து நாட்கள் இருந்தன. நாள்தோறும் 3 கிலோமீட்டர் ஓடத் தொடங்கினான். மூன்றாம் வாரத்தில் என்னிடம் வந்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலிக்கிறது என்றான்.

"கீழே விழுந்தாயா?" என்று கேட்டேன்.

"இல்லை சார்."

"யாராவது மோதினார்களா?"

"இல்லை சார்."

"அப்படியானால் ஒன்றுமில்லை. ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

விழா நாளன்று இரண்டாம் சுற்றில் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முதலில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்தில் எதுவும் தெரியவில்லை. தோற்றுவிடுவோம் என்று பயந்து நடித்தான் என்று சிலர் பேசினார்கள். மூன்று வாரம் கழித்து மீண்டும் எடுத்த படத்தில் கீழ்க்கால் எலும்பின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. விழாதவன் கால் உடைந்துதான் இருந்தது.

நான் கேட்ட இரண்டு கேள்விகளுமே தவறானவை என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. காயம் என்றால் விபத்து ஒன்று நடந்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். ஓடுவோரின் காயங்களில் பெரும்பாலானவை விபத்தால் வருவன அல்ல. அவற்றின் காரணம் மைதானத்தில்கூட இருப்பதில்லை. நமது அன்றாட வாழ்க்கையில், யாரும் சந்தேகிக்காத இடங்களில் அது ஒளிந்திருக்கிறது. அந்த இடங்களைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போர்வீரர்களின் வீங்கிய பாதம்

1855-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டு இராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் என்பவர் விந்தையான நோய் ஒன்றைக் குறித்து எழுதினார். நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்கள் வீங்கி வலித்தன. அவர்கள் விழவில்லை, அடிபடவுமில்லை. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறைகளில் ஏற்பட்ட அழற்சியே காரணம் என்று அவர் கருதினார்.

1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த இரண்டே ஆண்டுகளில், அதாவது 1897-இல், அத்தகைய பாதங்களைப் படமெடுத்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. பாதத்தின் நீண்ட எலும்புகள் முறிந்திருந்தன! இதற்கு 'அணிவகுப்பு முறிவு' என்று பெயரிட்டார்கள். இன்று இதனைத் தகைவு முறிவு என்கிறோம்.

அடி எதுவும் படாமல் எலும்பு எவ்வாறு முறியும்? ஒரு கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே முயற்சியில் அதனை ஒடிக்க உங்களால் இயலாது. ஆனால் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் அது ஒடிந்துவிடும். ஒவ்வொரு வளைப்பும் சிறியதுதான். எண்ணிக்கைதான் கம்பியை ஒடிக்கிறது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஓடும்போது ஒவ்வொரு முறை பாதம் தரையைத் தொடும்போதும் உடல் எடையைப் போல் சுமார் 2 முதல் 3 மடங்கு விசை காலின் மீது செயல்படுகிறது. உங்கள் எடை 45 கிலோகிராம் என்று கொள்வோம். இரண்டரை மடங்கு என்றால், ஏறத்தாழ 112 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை. ஓர் அடிக்கு 1 மீட்டர் வீதம் 3 கிலோமீட்டர் ஓடினால் 3,000 அடிகள். ஒரு காலுக்கு 1,500. வாரம் ஆறு நாட்கள் ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் 9,000 முறை இந்தச் சுமை விழுகிறது.

பள்ளம் தோண்டுவோரும் நிரப்புவோரும்

அப்படியென்றால் ஓடுகிற எல்லோருக்கும் எலும்பு முறிய வேண்டுமே, ஏன் முறிவதில்லை? இங்கேதான் கம்பிக்கும் எலும்புக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. கம்பி உயிரற்றது. எலும்போ உயிருள்ளது, தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்வது. சுமை கூடும்போது எலும்பு அதற்கேற்பத் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் உல்ஃப் 1892-ஆம் ஆண்டிலேயே ஒரு விதியாக எழுதிவைத்தார்.

இந்தப் பழுது பார்க்கும் வேலை எப்படி நடக்கிறது? நகராட்சியார் சாலை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் பழைய சாலையைத் தோண்டுவார்கள். பிறகு புதிதாக நிரப்புவார்கள். எலும்பிலும் அப்படியே. ஒருவகைச் செல்கள் நைந்துபோன பகுதியை அரித்து எடுக்கின்றன. வேறொரு வகைச் செல்கள் அந்தப் பள்ளத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. தோண்டும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பி உறுதியாக்கும் வேலைக்கோ மாதக்கணக்கில் ஆகும்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவைக் கவனியுங்கள். ஓடிப் பழகாத ஒருவர் திடீரென்று ஓடத் தொடங்கினால், முதல் சில வாரங்களில் அவருடைய எலும்பு பலம் பெறுவதில்லை. சற்றுப் பலவீனமே அடைகிறது. பள்ளங்கள் தோண்டப்பட்டிருக்கும், நிரப்பப்பட்டிருக்காது. நமது பள்ளிகளில் விழாவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பு பயிற்சி தொடங்குகிறது. எலும்பு பலவீனமாக இருக்கும் அதே சமயத்தில் பயிற்சி உச்சத்தை அடைகிறது. இதைவிடத் தவறான கால அட்டவணையை வேண்டுமென்றே தயாரித்தாலும் தயாரிக்க முடியாது.

ஒரே நாளில் செய்யும் தவறு

பயிற்சியின் மொத்த அளவு மட்டுமல்ல, ஒரே ஒருநாள் ஓட்டமும் காரணமாகலாம். 2025-இல் வெளியான ஆய்வொன்றில் 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்கள் கவனிக்கப்பட்டனர். முந்தைய 30 நாட்களில் தாம் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் கூட்டி ஓடியவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு அதிகரித்தது. அந்தத் தூரத்தை இரு மடங்குக்கும் மேல் ஆக்கியவர்களுக்கு அந்த வாய்ப்பும் இரு மடங்குக்கு மேல் ஆயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது, தாமதமாக வரும் மாணவர்களுக்குத் தரும் தண்டனை. "மைதானத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு வா" என்கிறோம். மாதம் முழுவதும் அரைச் சுற்றுக்கூட ஓடாத மாணவனுக்கு இது எத்தனை மடங்கு? அதுவும் செருப்புக் காலோடு, காலையில் சாப்பிடாத வயிற்றோடு. ஓட்டத்தைத் தண்டனையாக்குவது அதன் மீது வெறுப்பை வளர்க்கும் என்பது ஒருபுறம் இருக்க, உடலுக்கும் அது கேடு என்றே நான் கூறுவேன்.

காரணம் படுக்கையிலும் இருக்கலாம்

பழுது பார்க்கும் வேலைக்கு ஓய்வு வேண்டும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 7 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயிலும் விளையாட்டு வீரர்களான மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2014-இல் வெளியாயிற்று. இரவில் 8 மணி நேரத்திற்குக் குறைவாக உறங்கியவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது.

போர்வீரர்களிடமும் இதே பாடம் கிடைத்தது. இஸ்ரேல் இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தோருக்குத் தகைவு முறிவு மிகுதியாக வந்தது. வெவ்வேறு காலணிகளையும் வேறு பல வழிகளையும் 25 ஆண்டுகள் முயன்று பார்த்தார்கள். இறுதியில் மொத்த நடைத்தூரத்தைக் குறைத்து, இரவில் குறைந்தது 6 மணி நேர உறக்கத்தையும் கட்டாயமாக்கியபோதுதான் முறிவுகள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன.

உங்கள் வயதில் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கருத்து. இரவு பதினொன்றரை வரை கைப்பேசியையோ பாடப் புத்தகத்தையோ பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஓடுகிறவர் தம்மைக் கடும் உழைப்பாளி என்று நினைத்துக்கொள்ளலாம். எலும்பைப் பொறுத்தவரை அவர் நிரப்புகிற ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டுத் தோண்டச் சொல்கிறவர்.

காரணம் தட்டிலும் இருக்கலாம்

ஒருவர் வாழ்நாளில் பெறும் எலும்புச் சத்தில் ஏறத்தாழ கால் பங்கு, வேகமாக வளரும் இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. அந்த ஆண்டுகள் இப்போது உங்களுக்கு நடந்துகொண்டிருக்கின்றன. அல்லது அண்மையில்தான் கடந்தன. இந்த வயதில் நாள் ஒன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. பால், தயிர், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் சிறு மீன்கள் ஆகியவையும் கால்சியம் தருபவை.

காலை உணவைத் தவிர்த்துவிட்டுப் பயிற்சி செய்வது, எடை குறைந்தால் வேகம் கூடும் என்று எண்ணிப் பட்டினி கிடப்பது ஆகிய இரண்டும் எலும்பைப் பலவீனமாக்கும். மாணவியருக்கு ஒரு சொல். கடும் பயிற்சியின்போது மாதவிடாய் சில மாதங்கள் நின்றுபோனால் அதைப் 'பயிற்சி நன்றாக நடப்பதன் அடையாளம்' என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். உடலுக்குப் போதிய உணவு கிடைக்கவில்லை என்பதற்கு அது ஒரு முன்னறிவிப்பாக இருக்கலாம். அம்மாவிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

வளர்ச்சியே காரணமாவதும் உண்டு. எலும்புகள் வேகமாக நீளும்போது, தசைநாண் எலும்போடு சேரும் இடம் இன்னும் முற்றாத குருத்தெலும்பாக இருக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே அந்த இடம் இழுபட்டு வீங்கி வலிப்பதை 1903-இல் பாஸ்டனில் ஆஸ்குட் என்பவரும் ஜூரிச் நகரில் ஷ்லாட்டர் என்பவரும் தனித்தனியே விவரித்தனர். குதிகாலிலும் இதுபோன்ற வலி வரும். ஓர் ஆண்டில் கால்சட்டை குட்டையாகிப் போன மாணவன் முழங்கால் வலிக்கிறது என்றால், அவன் சோம்பேறி என்று பொருளல்ல. வளர்கிறான் என்று பொருள்.

மேலும் சில மறைமுகக் காரணங்கள்

புத்தகப்பையைப் பாருங்கள். பையின் எடை மாணவரின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று நடுவணரசின் 2020-ஆம் ஆண்டுக் கொள்கை கூறுகிறது. 45 கிலோகிராம் எடையுள்ளவருக்கு நாலரைக் கிலோகிராம். அதற்கு மேல் சுமந்துகொண்டு, நழுவும் செருப்போடு பேருந்தின் பின்னால் ஓடுகிறோமே, அந்த ஓட்டத்தை யாரும் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கால் சேர்த்துக்கொள்கிறது.

அண்ணனின் பழைய ஷூவைப் போட்டுக்கொள்கிறோம். அது பெரிதாக இருப்பதால் குதிகால் உரசிக் கொப்புளம் வருகிறது. கொப்புளத்தைக் காப்பதற்காகப் பாதத்தைச் சாய்த்து வைக்கிறோம். பத்து நாளில் மறுகால் முழங்கால் வலிக்கிறது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறோம்! காரணமோ கொப்புளத்தில் இருக்கிறது.

மைதானத்தை எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றுகிறோம். 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வலப்பக்கமாகச் சுற்றினார்கள் என்பது பலருக்கும் தெரியாது. வளைவில் ஓடும்போது மையநோக்கு விசை தேவைப்படுகிறது. வேகம் அதுவே இருக்க, ஆரம் பாதியானால் அந்த விசை இரு மடங்காகும் என்பது உங்கள் பாடத்திலேயே உள்ளது. பள்ளியின் சிறிய மைதானத்தில் வளைவு கூர்மையானது. இரு கால்களும் ஒரே மாதிரி உழைப்பதில்லை. ஆகவே மெதுவாக ஓடும் சுற்றுகளில் பாதியை எதிர்த்திசையில் ஓடுவது நல்லது.

இன்னொன்று உங்களுக்கு வியப்பாக இருக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் வகையைச் சேர்ந்த மாத்திரைகள் அரிதாகத் தசைநாண்களை, குறிப்பாகக் குதிகால் நாணை, நைந்துபோகச் செய்யக்கூடும். 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. முதியவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். ஆயினும் வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் ஓடப் போவது அறிவுடைமை ஆகாது. மருத்துவர் எழுதித் தந்தால் உட்கொள்ளுங்கள். 'நான் ஓட்டப் பயிற்சி செய்கிறேன்' என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நாம் பழிசுமத்தும் பொய்க் காரணங்கள்

"விலையுயர்ந்த ஷூ இல்லை, அதனால்தான்" என்று பலர் சொல்வார்கள். பாதத்தின் வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஷூவை ஒவ்வொருவருக்கும் தேர்ந்து தந்தால் காயம் குறையுமா என்று அமெரிக்கப் படைகளில் ஆராய்ந்தார்கள். குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை. 1960-இல் ரோம் ஒலிம்பிக் மராத்தானில் எத்தியோப்பியாவின் அபெபெ பிக்கிலா வெறுங்காலோடு ஓடி வென்றார். 1964-இல் டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடியும் வென்றார். ஷூ அளவாக இருக்க வேண்டும்; விலை அதிகமாக இருக்க வேண்டியதில்லை.

"ஓடுமுன் காலை நீட்டி மடக்கவில்லை" என்பது மற்றொரு காரணம். ஆஸ்திரேலிய இராணுவத்தில் 1,538 புதிய வீரர்களிடம் நடத்திய சோதனை 2000-இல் வெளியாயிற்று. ஓடுமுன் தசைகளை நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் காயங்களில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், பயிற்சியில் சேரும்போதே ஓடும் திறன் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் காயங்கள் அதிகம். அதாவது, காயம் படுமா என்பதை மைதானத்துக்கு வருமுன் கழிந்த மாதங்களே பெரிதும் முடிவு செய்திருந்தன.

என்ன செய்ய வேண்டும்?

இதையெல்லாம் படித்துவிட்டு "ஓடவே வேண்டாம்" என்று சில பெற்றோர்கள் சொல்லலாம். அது தவறு. ஓடாதவர் எலும்பு பாதுகாக்கப்படுவதில்லை. வலுப்பெறும் வாய்ப்பை இழக்கிறது. வேறு சிலர், "வலியைத் தாங்கினால்தான் வெற்றி" என்பார்கள். மூச்சிரைப்பையும் தசைக் களைப்பையும் தாங்கலாம். ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய எலும்பு வலியைத் தாங்கக்கூடாது. நடக்கும்போதும் படுத்திருக்கும்போதும் அந்த வலி இருந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உண்மையான மருந்து மிக எளிது, செலவும் இல்லை. அது ஜூன் மாதத்திலேயே தொடங்குவது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம், மெதுவாகக் கூட்டிக்கொண்டே போவது. இதற்கென்றே பள்ளிக் கால அட்டவணையில் உடற்கல்விப் பாடவேளை இருக்கிறது. ஆனால் அந்தப் பாடவேளைகள் எங்கே போகின்றன? "பாடம் முடியவில்லை, எனக்குக் கொடுங்கள்" என்று கணித ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். அறிவியல் ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார்.

அந்த மாணவனின் வகுப்பில் அவ்வாறு வாங்கிக்கொண்டவர்களுள் நானும் ஒருவன். விசைகளைப் பற்றி விளக்குவதற்காக, விசைகளைத் தாங்க அவன் எலும்பு பழகியிருக்க வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டேன். கடைசியில் அவன் கால் உடைந்தபோது "விழுந்தாயா?" என்று அவனையே கேட்டேன். எலும்பு ஆறு வாரத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் பள்ளியை விட்டுப் போகும்வரை அவன் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. 'நடிக்கிறான்' என்ற சொல்லுக்கு எந்த மருத்துவமும் இல்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: உடற்கல்விப் பாடவேளையை அதற்கே விட்டுவிடுவோம், ஓட்டத்தைத் தண்டனையாக்காதிருப்போம், வலிக்கிறது என்று சொல்லும் மாணவனை முதலில் நம்புவோம்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஐந்து கட்டங்கள் போடுங்கள். நாள், ஓடிய தூரம், உறங்கிய நேரம், அன்று புதிதாக என்ன மாறியது (ஷூ, பாதை, மாத்திரை, விட்டுப்போன உணவு), எங்கே வலிக்கிறது என்று நாள்தோறும் குறித்து வாருங்கள். எப்போதாவது வலி வந்தால், வலி வந்த நாளைப் பார்க்காதீர்கள். மூன்று வாரம் பின்னால் புரட்டிப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கே எழுதப்பட்டிருக்கும்.